அடிகுழாயும் அதன் அடியிலுள்ள நீரும்

1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அருட்பணி விழா ஒன்று நடைபெற்றது. அங்கு உரையாற்ற அழைக்கப்பட்டவர்களுள் ஒருவர் கிழக்கு ஆப்பிரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் பொதுச் செயலராயிருந்த அருட்திரு ஜான் காட்டூ. விருந்தினராக வந்தவர் நன்றி கூறிச் செல்வார் என்று எதிர்பார்த்தோர்க்கு அவர் வேறொன்றைக் கூறினார். மேலை நாடுகளிலிருந்து ஆப்பிரிக்கத் திருச்சபைகளுக்கு மிஷனெரிகளும் பணமும் வருவதை ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் நிறுத்திவைக்க வேண்டும் என்பதே அவர் விடுத்த வேண்டுகோள். 1974-இல் லுசாக்காவில் கூடிய அனைத்து ஆப்பிரிக்கத் திருச்சபைகள் மாநாடும் இக்கருத்தை ஏற்று விவாதித்தது. பின்னர் உலகத் திருச்சபை வட்டாரங்களில் நெடுநாள் வாதத்திற்குரிய பொருளாக அது நிலைத்தது.

இஃது ஆப்பிரிக்கருடைய விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. மில்வாக்கி விழாவைக் கூட்டியது அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபை. நம் ஆர்க்காடு மிஷனை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தாங்கி நின்ற அதே திருச்சபைதான் அது. வேலூரிலும் இராணிப்பேட்டையிலும் காட்பாடியிலும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் தொழிற்பயிற்சி நிலையங்களையும் எழுப்பிய கைகளை நோக்கியே அந்த ஆப்பிரிக்க ஆயர் 'சற்றே நிறுத்துங்கள்' என்றார். நன்றி கெட்ட பேச்சென்று அன்று சிலர் எண்ணினர். என் எண்ணத்தில், கொடுப்போர்க்கும் பெறுவோர்க்கும் இடையே இருந்த உறவை அவர் மதித்தமையாலேயே அப்படிப் பேச முடிந்தது. கையேந்தி நிற்பவன் கொடுப்பவனிடம் உண்மை பேசத் துணிவதில்லை.

சிற்றூர் வளர்ச்சிக்கென வெளியிலிருந்து வரும் உதவி எப்பொழுது நிலைக்கிறது, எப்பொழுது வீணாகிறது, எந்த நிலையில் உதவி என்பதே பொருத்தமற்ற மருந்தாகிவிடுகிறது என்னும் வினாக்களைப் பொதுப்படையாக ஆராய்வதினும் ஒரே ஒரு பொருளைப் பின்தொடர்ந்து காண்பது பயனுடையது. அப்பொருள் நம் தெருமுனைகளில் நிற்கும் அடிகுழாய். அது இந்திய மிஷன் நிலையங்களில் கருக்கொண்டு, சென்னையில் உருப்பெற்று, ஆப்பிரிக்காவின் ஊர்தோறும் சென்றது. நாம் அதனைத் தொடர்ந்து சென்று, மேல்விஷாரத்தையும் அதனைச் சூழ்ந்த பாலாற்றங்கரையையும் வந்தடைவோம்.

ஒரு கருவியின் வரலாறு

1966-67-இல் வடஇந்தியாவில் கடும் வறட்சி நேர்ந்தபொழுது, கடும்பாறையைத் துளைக்கும் இயந்திரங்களை ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யுனிசெப் தருவித்தது. தொடர்ந்து ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றின்மேல் பொருத்தப்பட்டவை வார்ப்பிரும்பாலான கைப்பம்புகள். மேலை நாட்டுப் பண்ணை வீட்டில் ஒரு குடும்பத்தார் நாளொன்றுக்குச் சில முறை இயக்குவதற்கென வடிவமைக்கப்பட்டவற்றின் வழிவந்தவை அவை. நம் ஊரிலோ விடியற்காலம் தொடங்கி இருட்டும்வரை இருநூறு முந்நூறு பேர் வரிசையில் நின்று அவற்றை இயக்கினர். விளைவு சொல்லாமலே விளங்கும். 1974-இல் தமிழகத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஆய்ந்து பார்த்தபொழுது ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குப் பம்புகள் பழுதுற்றுக் கிடந்தன. அதுவரை, கிணறுகளின் எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் எழுதியோர் எவரும் அவற்றில் நீர் வருகின்றதா என்று திரும்பிச் சென்று பார்த்ததாகத் தெரியவில்லை.

மாற்று வழி தில்லியிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ வரவில்லை. மகாராஷ்டிரத்தின் ஜால்னாவில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பணியாளர்கள் தங்கள் பட்டறையில் எஃகினாலான வலுவான பம்பு ஒன்றைச் செய்து பார்த்தனர். சோலாப்பூரில் கிணற்றுப் பணி செய்துகொண்டிருந்த சுவீடன் நாட்டு மிஷனெரி ஆஸ்கர் கார்ல்சன் அதனை மேலும் திருத்தினார். கைப்பிடிக்கும் உள்ளிருக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சங்கிலியை இணைத்து, ஒரே அச்சில் பால் பேரிங்குகளின்மேல் கைப்பிடி ஆடும்படி செய்தார். எளிய மாற்றந்தான். ஆயினும் அதனால் கம்பி எப்பொழுதும் நேர்நிலையில் ஏறி இறங்கிற்று; தேய்மானம் குறைந்தது. இவர்கள் பொறியியல் ஆராய்ச்சிக்கூடங்களில் இருந்தவர்களல்லர். தாங்கள் வைத்த பம்பு பழுதானபொழுது அதே ஊர் மக்களின் முகத்தில் விழிக்கவேண்டியிருந்தவர்கள். இந்த வேறுபாட்டை நான் சிறிதென்று கருதவில்லை.

1970-களின் நடுப்பகுதியில் யுனிசெப், சென்னையிலிருந்த இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமாகிய மெராடோ, ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் தொழிற்சாலை ஆகியவை கூடிச் சோலாப்பூர்ப் பம்பைத் தொழிற்சாலைகளில் பெருமளவில் செய்யத்தக்கதாக மாற்றின. நீர்மட்டம் மிக ஆழ்ந்திருந்த கோயம்புத்தூர்ப் பகுதியில் அது சோதிக்கப்பட்டது. இதுவே 'இந்தியா மார்க் 2'. எவரும் தனியுரிமை கொண்டாடாத பொது வடிவமாக அது விடப்பட்டது. எனவே சிறு தொழிற்கூடங்கள் பலவும் அதனைச் செய்யலாயின.

கருவி மட்டும் போதாது என்பதைத் தமிழகம் முன்கூட்டியே உணர்ந்தது. பம்பைக் கவனிக்க ஊரில் ஒரு காப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் பழுது நீக்கும் குழு ஒன்று என மூன்றடுக்குப் பராமரிப்பு முறை இங்கே உருவாகி ஏனைய மாநிலங்களுக்குப் பரவிற்று. இம்முறையிலும் குறை உண்டு. உறையின் அடியிலுள்ள ஒரு தோல் வாஷரை மாற்றுவதற்கும் முழுக் குழாய்த்தொடரையும் மேலே தூக்கவேண்டும். அதற்கு மாவட்டத்திலிருந்து வண்டி வரவேண்டும். வரும்வரை ஊரார் காத்திருக்கவேண்டும். 1980-களில் கோயம்புத்தூர்ப் பகுதியில் மீண்டும் நடந்த சோதனைகளின் பயனாக அகன்ற குழாயையுடைய மார்க் 3 வந்தது. அதில் குழாயைக் கழற்றாமலே உள்ளுறுப்பை மேலே எடுத்துவிடலாம். மாவட்டத்தாரைக் கெஞ்சும் வேலை பெரும்பகுதி குறைந்தது.

ஆப்பிரிக்கச் சிற்றூர்களில்

1980-களை ஐக்கிய நாடுகள் அவை குடிநீர்ப் பத்தாண்டு என்று அறிவித்தது. இந்தியா மார்க் 2 மேற்கு ஆப்பிரிக்காவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பல்லாயிரக்கணக்கில் நடப்பட்டது. உகாண்டா அதனைத் தன் நாட்டிலேயே செய்து தன் பெயரிட்டு வழங்கிற்று. நம் நாட்டு மிஷன் பட்டறைகளில் பிறந்த ஒன்று அங்குள்ளோர் தாகத்தைத் தீர்த்தது என்று நாம் மகிழ்வது தகும்.

ஆனால் அங்கே என்ன நிகழ்ந்தது என்பதையும் அறியவேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் அமிலத்தன்மை உடையது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களை அது அரித்தது. செந்நிறமாய், துருநாற்றத்தோடு வந்த நீரைச் சுவைத்த பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு பழைய குட்டைக்கே திரும்பினர். மக்களுக்குச் சுகாதார அறிவு போதாது என்று அதிகாரிகள் சிலர் முடிவுகட்டினர். பின்னர் நீரைச் சோதித்தபொழுது பழுது குழாயில் இருந்தமை தெரிந்தது. பெண்கள் வேண்டாமென்றது அழுக்கு நீரை; அதிகாரிகள் எழுதிக்கொண்டதோ வேறு.

மற்றொரு பெருந்தொல்லை பராமரிப்பு. ஆப்பிரிக்க நாடுகள் இருபதளவில் திரட்டிய விவரங்களைக் கொண்டு 2009-இல் வெளியிடப்பட்ட ஒரு மதிப்பீடு, எந்த நேரத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடிகுழாய்கள் இயங்காதிருக்கின்றன என்று காட்டிற்று. ஒரு நாட்டின் உதவி நிறுவனம் ஒருவகைப் பம்பைக் கொடுத்தது. அடுத்த மாவட்டத்தில் வேறொரு நாடு வேறொரு வகையைக் கொடுத்தது. உதிரிப் பாகங்கள் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கொடுத்தவர்கள் மூன்றாண்டுத் திட்டம் முடிந்து புகைப்படங்களோடு திரும்பிச் சென்றனர்.

இதற்கு மாறான ஒன்றைக் கென்யாவின் தென்கரையிலுள்ள குவாலே மாவட்டம் காட்டிற்று. 1980-களில் அங்கு நடந்த திட்டத்தில் முதலில் பம்பு வரவில்லை, பேச்சு வந்தது. நீர் சுமப்பவர்கள் பெண்களாதலால் பெண்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட குழுக்கள் அமைந்தன. பராமரிப்புக்கென ஊரார் பணம் சேர்த்து வங்கியில் இட்டனர். பெண்களே திருகுவிசையைக் கையிலெடுத்துப் பழுது நீக்கக் கற்றனர். அவர்களால் எளிதில் கழற்றிப் பூட்டக்கூடிய பம்பு ஒன்றும் மலாவியிலும் குவாலேயிலும் நடந்த சோதனைகளின் வழியாக உருவாயிற்று. அதுவே 'ஆப்ரிதேவ்'. அப்பெயரையுடைய பம்பைப் பின்னர் நம் நாட்டுத் தொழிற்சாலைகளும் செய்யலாயின. கொடுத்தவர் பெற்றார் என்க.

ஊரார் கையில் இருப்பது எவ்வளவு எளிதில் பறிக்கப்படும் என்பதற்குத் தான்சானியா சான்று. 1967-இல் அதிபர் நைரேரே அருஷா அறிக்கையை வெளியிட்டுத் தற்சார்பைத் தம் நாட்டின் கொள்கையாக்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ருவூமா பகுதியில் உழவர்கள் தாமாகக் கூடிப் பொதுவில் பயிரிட்டு, பொதுவில் பள்ளி நடத்தி வந்தனர். நைரேரே மெச்சிய முன்மாதிரி அது. ஆயினும் கட்சி அதிகாரிகளின் கட்டளைக்கு அவ்வூர்கள் எளிதில் இணங்காமையால் 1969-இல் அவர்களது சங்கம் கலைக்கப்பட்டது. பின்பு 1973-க்கும் 1976-க்கும் இடையே இலட்சக்கணக்கான மக்கள் கட்டாயமாகப் புதிய ஊர்களில் குடியேற்றப்பட்டனர். தற்சார்பு என்னும் நற்சொல்லே கட்டளைச் சொல்லாகிவிட்டது. உதவி வெளிநாட்டிலிருந்து வந்தால்தான் தீங்கு என்று எண்ணுவோர் இதனைக் கருதவேண்டும்.

வேலூர் தந்த பாடம்

இப்பாடங்களை நம் பகுதி முன்பே ஓரளவு கற்றிருந்தது. டாக்டர் ஐடா ஸ்கடர் 1909 முதல் மோட்டார் வண்டியில் குடியாத்தம் சாலை வழியே சென்று மரத்தடிகளில் நோயாளிகளைப் பார்த்தார். அன்றைய நிலையில் அது பெருந்தொண்டு. எனினும் வண்டி சென்றபின் மரத்தடியில் எஞ்சியது மரந்தான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இதனை உணர்ந்தே கணியம்பாடி ஒன்றியத்தில் சமுதாய நலப் பணியையும், 1977-இல் கே. வி. குப்பம் ஒன்றியத்தில் 'ரூசா' என வழங்கும் ஊரக நல மையத்தையும் ஏற்படுத்திற்று. நோய் தீர்த்தலோடு தொழிற்பயிற்சி, கறவை மாடு, பெண்கள் குழுக்கள் என அப்பணி விரிந்தது.

வேலூரில் பயின்ற ராஜ் அரோலே, மேபல் அரோலே தம்பதியர் 1970-இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் பணி தொடங்கியபொழுது ஊரார் கேட்டது மருந்தன்று, சோறும் நீரும். ஆழ்துளைக் கிணறுகள் தோண்ட உதவி வந்தது. அக்கிணறுகள் தாழ்த்தப்பட்டோர் தெருவிலேயே அமையுமாறு அவர்கள் பார்த்துக்கொண்டனர். உயர்சாதியார் குடத்தோடு அத்தெருவுக்கு வரவேண்டியதாயிற்று. சமாரியாவின் கிணற்றடியில் யூதர் ஒருவர் தண்ணீர் கேட்டு நின்ற நிகழ்ச்சியைப் பிரசங்கிக்கும் நாம், கிணறு எங்கே தோண்டப்படவேண்டும் என்னும் குழுக் கூட்டத்தில் வாய் திறந்திருக்கிறோமா?

பாலாற்றங்கரையில்

இனி மேல்விஷாரத்திற்கு வருவோம். ஆர்க்காட்டிற்கும் வேலூருக்கும் இடையே பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் இந்நகரம், 2019 முதல் இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. இசுலாமியர் பெரும்பான்மையாக வாழும் ஊர்; தோல் வாணிபத்தால் பெயர் பெற்றது. இவ்வூரை வெளியுதவியால் வளர்ந்த ஊரென்று எவரும் கூறமுடியாது. தோல் வணிகரும் வள்ளலுமாகிய நவாப் சி. அப்துல் ஹக்கீம் (1863-1938) ஈட்டியதைக் கல்விக்கும் அறத்திற்கும் வாரி வழங்கினார். சென்னை சென்ட்ரல் நிலையத்திற்கு எதிரில் பயணிகள் தங்குவதற்கென அவர் எழுப்பிய சித்திக் சராய் இன்றும் நிற்கிறது. 1918-இல் தோன்றிய மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கம் 1965-இல் அவர் பெயரால் கல்லூரி நிறுவிற்று. அயல்நாட்டு மிஷன் பணத்தில் எழுந்த நம் கல்லூரிகளுக்குச் சில கல் தொலைவில், ஊர்ப்பணத்தில் எழுந்த கல்லூரி இது. ஜான் காட்டூ நாடிய தற்சார்பு, நாம் பார்க்க மறந்த அண்டை ஊரில் அமைதியாக நடந்துகொண்டிருந்தது.

ஆயினும் அச்செல்வத்தின் மறுபக்கம் ஆற்றில் இருக்கிறது. முற்காலத்தில் இங்கே ஆவாரம் பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டனர். பட்டை போதாதபொழுது தென்னாப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வாட்டில் மரப்பட்டையைத் தருவித்தனர். (ஆப்பிரிக்காவுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று பேசுவோர் இதனையும் குறித்துக்கொள்க.) பட்டைக் கழிவும் தீதற்றதன்று, ஆனால் அது ஒருவாறு மக்கும் தன்மையது. 1972-இல் அறிக்கை அளித்த சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, பச்சைத் தோலையும் அரைப்பதத் தோலையும் ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது. அந்நியச் செலாவணிக்கும் வேலைவாய்ப்புக்கும் அது நன்மை பயத்தது. அதனோடு குரோமியம் கொண்டு பதனிடும் முறை பரவிற்று. மக்கள் 'தோல் ஷாப்' என்று வழங்கும் ஆலைகள் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என ஆற்றுவழியே பெருகின.

கழிவின் தன்மையைச் சற்று விளக்குதல் வேண்டும்; ஏனெனில் நம்மில் பலர் குரோமியம் ஒன்றையே எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே குறிக்கப்பட்டுள்ளது. பச்சைத் தோல் அழுகாதிருக்க அதன்மேல் உப்பு இடப்படுகிறது. ஆலைக்கு வந்ததும் முதல் வேலை அவ்வுப்பைக் கழுவுவதே. பின்பு சுண்ணாம்பும் சல்பைடும் இட்டு மயிரை நீக்குவர். குரோமியத்தைத் தனியே பிரித்து மீட்கலாம். அழுகும் பொருள்களை நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்கலாம். கரைந்த உப்போ இவ்வழக்கமான சுத்திகரிப்புகள் எதிலும் நீங்குவதில்லை. அது மணலில் இறங்கி, ஊற்றில் கலந்து, கிணற்றில் வந்து சேர்கிறது. நெல்லும் கரும்பும் விளைந்த நிலம் உவர்நிலமாகிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வை மேற்கோள் காட்டிய தீர்ப்பு, இப்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிரிடத் தகாததாயிற்று என்று கூறுகிறது.

இந்நிலையில் ஓர் ஊரில் அடிகுழாய் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் சோதிக்கப்பட்டது, சங்கிலி அறுபடவில்லை, காப்பாளர் எண்ணெய் இடுகிறார். கைப்பிடியை அழுத்தினால் தடையின்றி நீர் வருகிறது. அந்நீரில் பருப்பு வேகாது, குடித்தால் குமட்டும். குவாலேயின் பெண்கள் கற்ற பாடங்கள் அனைத்தும் இங்கே நிறைவேறியிருக்கலாம். ஊர்க்குழு இருக்கலாம், வங்கிக் கணக்கு இருக்கலாம். ஆப்பிரிக்காவில் நீர் இருந்து குழாய் பழுதாயிற்று. இங்கே குழாய் இருந்து நீர் பழுதாயிற்று. ஆழம் கூட்டி இன்னொரு துளை இடுவதற்கு எந்த உதவி நிறுவனமும் பணம் தரும். ஆனால் கெடுத்தவர் கொடுக்கவேண்டிய இழப்பீட்டை அன்பளிப்பாக வேறொருவர் கொடுக்கும்பொழுது, உழவனுக்குரிய உரிமை பிச்சையாக மாறிவிடுகிறது என்பதையும், கெடுத்தவர் கணக்கு சத்தமின்றித் தீர்க்கப்படுகிறது என்பதையும் நாம் எண்ணிப்பார்ப்பதில்லை.

வேலூர் நகரமக்கள் நல மன்றம் எண்ணிப்பார்த்தது. 1991-இல் அது உச்ச நீதிமன்றத்தை நேரே அணுகிற்று. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கிற்று. தீங்கு நேருமுன் தடுக்கும் கடமை, கெடுத்தவரே ஈடுசெய்யும் கடமை ஆகிய இரண்டும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என அத்தீர்ப்பு உரைத்தது. தமிழகத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்த 900-க்கும் மேற்பட்ட தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. இழப்பைக் கணக்கிடத் தனி ஆணையம் அமைக்கப்பட்டது. அவ்வாணையம் 2001-இல் 29,000-க்கும் மேற்பட்டோர்க்கு ஏறக்குறைய 26 கோடியே 82 இலட்சம் ரூபாயை இழப்பீடாக நிர்ணயித்தது. பெருந்தொகை போலத் தோன்றும். வகுத்துப் பார்த்தால் சராசரி பத்தாயிரத்துக்கும் குறைவே.

ஆலைகளும் வாளாவிருக்கவில்லை. மேல்விஷாரத்தில் 'விஷ்டெக்', இராணிப்பேட்டையில் 'ராணிடெக்', வாணியம்பாடியில் 'வாணிடெக்' எனப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. மத்திய, மாநில அரசுகளின் மானியமும் ஐக்கிய நாடுகளின் தொழில் வளர்ச்சி அமைப்பினுடைய அறிவுரையும் அவற்றிற்குத் துணைநின்றன. பின்னர்க் கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறலாகாது என்னும் விதி வந்தது. சவ்வூடு வடித்தலாலும் கொதிக்கவைத்து ஆவியாக்கலாலும் நீர் மீட்கப்பட்டது. மிஞ்சும் கலப்புப்பை என்ன செய்வது என்பதற்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. மிஞ்சும் சேற்றின் கொடுமையை 2015 ஜனவரி 31 இரவு காட்டிற்று. இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையின் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்தோர் பத்துப் பேர் மாண்டனர். ஒருவரைத் தவிர ஏனையோர் வங்காளத்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள்.

குடிநீரின் பொருட்டு, மேட்டூர்ப் பக்கத்திலிருந்து காவிரி நீரை வேலூர்ப் பகுதி நகரங்களுக்குக் கொண்டுவரும் பெருந்திட்டம் நிறைவேற்றப்பட்டது. தாகம் தணிந்தது, ஆனால் ஓர் ஆற்றங்கரை மக்கள் வேறோர் ஆற்றின் நீரைக் குழாயில் எதிர்நோக்கலாயினர். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் இவ்வழக்கில் ஆணை பிறப்பித்தது. இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துப் பின் ஆலைகளிடம் வசூலிக்கவேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைக்கப்பட வேண்டும் என்பன அவ்வாணையின் பகுதிகள். வழக்குத் தொடுக்கப்பட்டு முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஆயர்கள் முன்னுள்ள வேலை

எசேக்கியேல் தீர்க்கர் 34-ஆம் அதிகாரத்தில் கொழுத்த ஆடுகளை நோக்கிக் கூறும் குற்றச்சாட்டு நமக்குத் தெரியும். தெளிந்த நீரைக் குடித்தபின் எஞ்சியதைக் காலால் குழப்பிவிட்டு, மெலிந்த ஆடுகளை அதைக் குடிக்க விடுகிறீர்களே என்பது அது. அவ்வதிகாரத்தை நாம் நல்ல மேய்ப்பனைக் குறித்துப் பேசுவதற்கே எடுத்துக்கொள்கிறோம். 18, 19-ஆம் வசனங்களைத் தாண்டிச் சென்றுவிடுகிறோம். ஆதியாகமம் 26-இல் ஈசாக்கு, தன் தகப்பன் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தர் தூர்த்துப்போட்டதைக் கண்டு அவற்றையே மீண்டும் தோண்டுகிறான். புதுக் கிணறு தேடிப் போவது இரண்டாவது வேலையாகவே அங்கு இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆலை உரிமையாளர் பலர் இசுலாமியராதலால் இப்பொருளை மதச் சண்டையாக்க விரும்புவோர் உண்டு. நம் சபையாரிலும் சிலர் அப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன். இது பொய்யும் பாவமுமாகும். இராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட நச்சுக் கழிவு எந்தத் தோல் வணிகருடையதும் அன்று. ஏற்றுமதிக் கொள்கையை வகுத்தது தில்லி. ஆம்பூர்க் காலணிகளை அணிந்து ஆலயம் செல்வோர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள நம் துணைத் திருச்சபையார். உள்ளே உப்பிலும் சுண்ணாம்பிலும் கை வெந்து உழைப்போர் பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோரும் ஏழை இசுலாமியரும். ஆலை மூடினால் அவர்கள் வீட்டில்தான் முதலில் அடுப்பு அணையும். இறந்த மாட்டின் தோலைத் தொட்டவரென்று தலைமுறை தலைமுறையாக இழிவு சுமத்தப்பட்ட மக்களுக்கு அத்தொழில் சம்பளமும் தந்தது, நோயும் தந்தது. இத்துணைச் சிக்கலையும் மனத்திற்கொண்டு பேசவியலாதவர் பேசாதிருப்பதே நன்று.

பேச முடிந்தவர்க்கு வேலை உண்டு. துணைத் திருச்சபையிலிருந்து ஆண்டுதோறும் வரும் விண்ணப்பத் தாளில் எத்தனை ஆழ்துளைக் கிணறுகள் வேண்டும் என்னும் வினா இருக்கும். பழைய கிணறு எதனால் கெட்டது, யார் ஈடுசெய்யவேண்டும் என்னும் வினா இராது. அதனை நாமே எழுதிச் சேர்க்கலாம். அவர்கள் நாட்டுக் காலணி நிறுவனங்கள் இங்குள்ள சுத்திகரிப்புச் செலவில் என்ன பங்கேற்கின்றன என்று அவர்களையே விசாரிக்கச் சொல்லலாம். மில்வாக்கியில் ஜான் காட்டூ கேட்டதினும் இஃது எளிய கேள்வி. மேல்விஷாரத்தின் கல்விச் சங்கத்தாரோடும் ஜமாத்தாரோடும் அமர்ந்து பேசலாம். அவர்கள் வீட்டுக் கிணறும் இதே ஆற்றைச் சார்ந்ததே.

மற்றொன்றும் சொல்லவேண்டும். இழப்பீட்டு விசாரணைகளில் உழவர்க்கு நேரும் பெருந்தடை சான்றில்லாமை. நிலம் கெடுமுன் அங்கு என்ன விளைந்தது என்று காட்டப் பலரிடம் தாள் ஏதுமில்லை. நம் சிற்றூர்ச் சபைகள் பலவற்றின் அலமாரிகளில் அறுப்பின் பண்டிகைக் கணக்குப் புத்தகங்கள் கிடக்கின்றன. இன்னார் இத்தனை மரக்கால் நெல், இத்தனை தேங்காய், இத்தனை கட்டுக் கரும்பு எனப் பெயரோடும் தேதியோடும் உபதேசியார் எழுதிவைத்த பட்டியல்கள் அவை. நெல் எந்த ஆண்டில் குறைந்தது, கரும்பு எந்த ஆண்டோடு நின்றது, தேங்காய்க்குப் பதிலாக ரொக்கம் எப்பொழுது வரத் தொடங்கியது என்பதை அவற்றிலிருந்து அறியலாம். செல் அரிக்குமுன் அவற்றை எடுத்துப் படியெடுத்து வைத்தல் வேண்டும். பாலாற்றங்கரைச் சபைகளில் பணிபுரியும் ஆயர்களும், விடுமுறைப் பணிக்கென அங்கு அனுப்பப்படும் இறையியல் மாணவர்களும் இவ்வேலையை இவ்வாண்டே தொடங்கலாம்.